மருமகள் வகுப்புக்கு நான் சேர்த்த கூட்டம்

எனக்கு எழுபத்தோரு வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் விட்டுவிட்டுப் போனவை. ஆறும் சோறு தின்று, சண்டை போட்டு, கல்யாணம் கட்டி ஆளாகிவிட்டன. பெருமைக்குத்தான் இதைச் சொல்கிறேன். இனிமேல் சொல்லப்போவதில் எனக்குப் பெருமை ஒரு சொட்டும் கிடையாது என்பதால் முதலிலேயே சொல்லி வைத்துவிட்டேன்.

என் கடைசி மகன் கட்டியவள் தேன்மொழி. பிஎச்.டி. படிக்கிறாள். (கல்யாணத்துக்கு முன்பே படித்துக்கொண்டிருந்தாள். எப்போது முடியும் என்று மட்டும் கேட்கக் கூடாது.) அப்படிப் படிக்கிறவர்கள் சும்மா படிக்க முடியாதாம். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்க வேண்டுமாம். தருமபுரியில் ஒரு கல்லூரியில் எடுத்துக்கொண்டிருந்தாள். என்ன வகுப்பு என்று ஒருநாள் கேட்டேன்.

"படிக்கவும் எழுதவும் சொல்லித்தர்றதுங்க அத்தை."

"பன்னெண்டு வருசம் பள்ளிக்கூடத்துல என்னத்தக் கிழிச்சாங்க அதுங்க?"

"எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியுங்க அத்தை. படிச்சதை யோசிச்சுப் பாத்து, சரியா தப்பான்னு சொல்லத் தெரியாது. அதுக்குத்தான் இந்த வகுப்பு."

இதற்கெல்லாம் ஒரு வகுப்பா என்று மனசுக்குள் நினைத்தேன். வாய் திறக்கவில்லை. (மாமியார் வாய் திறக்காத நாளும் உண்டு. யாரும் எழுதி வைப்பதில்லை.)

இப்படி வகுப்பெடுக்கும் ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கவென்றே அந்தக் கல்லூரியில் ஒரு பெரிய மேடம் இருந்தார். வாரம் ஒருமுறை எல்லோரையும் உட்கார வைத்து யாருக்கு என்ன சிரமம் என்று கேட்பார். நடுவில் ஒருநாள் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து வகுப்பைப் பார்ப்பார். எல்லாம் ஒத்தாசைக்குத்தானாம். மாமியார் சமையலறை வாசலில் வந்து நிற்பதும் ஒத்தாசைக்குத்தான். அது எப்படிப்பட்ட ஒத்தாசை என்று எனக்குத் தெரியாதா?

ஒரு வியாழக்கிழமை தேன்மொழி தன் கூட்டாளியிடம் போனில் அழுதுகொண்டிருந்தாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. பக்கத்து அறையில் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

"சனிக்கிழமை மேடம் வர்றாங்கடி. சனிக்கிழமைன்னா பாதிப் பேரு வர்றதே இல்ல. காலி பெஞ்சப் பாத்தா என்னைய எடுத்துட்டு வேற ஆளப் போட்டுடுவாங்க. அப்புறம் என் ஆராய்ச்சி ஒரு வருசம் தள்ளிப்போயிரும்."

காலி பெஞ்சா? எங்கள் ஊர் இண்டூரில் என்னைத் தெரியாதவர்கள் உண்டா? மகளிர் குழுத் தலைவியாக இருந்த காலத்தில், எந்தக் கட்சிக்காரன் மேடை போட்டாலும் முதலில் என் வூட்டு வாசலுக்குத்தான் வருவான். நாற்காலியை நிரப்பித் தருவதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. பேசுகிறவன் யார், என்ன பேசினான் என்பதெல்லாம் எங்களுக்கு முக்கியமில்லை. உட்கார வேண்டும், பேசுகிறவன் மூச்சு விடும்போது கை தட்ட வேண்டும், சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததும் எழுந்துவிட வேண்டும்.

சனிக்கிழமை காலேஜுக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்று என் கூட்டாளி ராஜம்மாவிடம் சொன்னேன்.

"காலேஜுக்கா அக்கா? எந்தக் கட்சி?"

"கட்சி இல்லடி. என் மருமவ."

"யாரா இருந்தா என்ன, சாப்பாடு உண்டுல்ல?"

"தக்காளி சாதம், முட்டை."

சனிக்கிழமை காலையில் தேன்மொழி பஸ் ஏறிப் போனதும் நாங்கள் மினி வேனில் கிளம்பினோம். எல்லோரும் குழுவில் கொடுத்த ரோஸ் கலர் புடவை. ஒரே மாதிரி உடுத்தினால் கூட்டம் பெரிதாகத் தெரியும். கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"பெத்தவங்க கூட்டமுங்க" என்றேன். ஆறு வளர்த்தவள் சொன்னால் பொய் என்று யார் சொல்வார்கள்? உள்ளே விட்டுவிட்டார்.

வகுப்பில் போய் முன்பெஞ்சு முதல் நடுப்பெஞ்சு வரை நிரப்பி உட்கார்ந்தோம். ஆனால் எனக்கு ஒரு விஷயம் தெரியாது. தேன்மொழி முந்தின நாளே பிள்ளைகளிடம் கெஞ்சியிருக்கிறாள். பாவம் மிஸ் என்று அன்றைக்குப் பார்த்து ஒருத்தர் விடாமல் வந்துவிட்டார்கள்! எங்களைப் பார்த்ததும் திகைத்து, பின்பெஞ்சில் கொஞ்சம் பேர், சுவரோரம் மீதிப் பேர் என்று நின்றார்கள். பெரிய மேடம் வந்தபோது அவருக்கும் இடமில்லை. ராஜம்மா தன் பையை நகர்த்தி, "வாங்க கண்ணு, இப்பிடி ஒக்காருங்க" என்று பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

கடைசியாக உள்ளே வந்தாள் தேன்மொழி. என்னைப் பார்த்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்ததைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நான் பயப்படாதே என்று கண்ணைச் சிமிட்டினேன்.

பாவம், விரட்டவும் முடியாமல் பாடத்தை ஆரம்பித்தாள். அவள் ஒரு வாக்கியம் முடித்து மூச்சு விட்டாள். நாங்கள் தட்டினோம். அடுத்த வாக்கியம். தட்டினோம். தட்டத் தட்ட அவள் பயந்து வேகமாகப் பேசினாள். அவள் வேகமாகப் பேசப் பேச நாங்களும் வேகமாகத் தட்டினோம். ஒரு கட்டத்தில் ராஜம்மா பழக்க தோஷத்தில் எழுந்து நின்று, "டீச்சரம்மா தேன்மொழி!" என்று குரல் கொடுத்துவிட்டாள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "வாழ்க!" என்றார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாடம் முடிந்ததும் பெரிய மேடம் தேன்மொழியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றைச் சுவரோரம் நின்ற ஒரு பையனிடம் கொடுத்தார்.

"இந்த வகுப்பைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுதோ எழுதுங்க. பேர் எழுத வேண்டாம். எழுதிட்டு அடுத்தவங்ககிட்டக் கொடுங்க."

பேர்தான் வேண்டாம் என்றார். கையெழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லையே! அந்தப் பையன் என்னமோ எழுதி என்னிடம் நீட்டினான். குழுவில் தாள் சுற்றி வந்தால் நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். நான் பேனாவை வாங்கி, 'மு. கோவிந்தம்மாள்' என்று போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தேன். (என் கையெழுத்து அழகாக இருக்கும். எனக்கு நன்றாக எழுத வருவது அது ஒன்றுதான்.) அடுத்து ராஜம்மா. அப்புறம் வரிசையாக எல்லோரும். தாள் பின்னால் போனது. இத்தனை பேர் போட்டிருக்கிறார்களே என்று அந்தப் பிள்ளைகளும் போட்டுவிட்டார்கள்.

பெரிய மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். தேன்மொழியை உள்ளே கூப்பிட்டார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. மேடம் சத்தமாகப் படித்தார்.

"மிஸ் ரொம்ப வேகமா பேசுறாங்க. ஒண்ணும் புரியல. வேற மிஸ் போடுங்க."

தேன்மொழி முகத்தில் ரத்தமே இல்லை.

"முதல் கையெழுத்து... கோவிந்தம்மாள். யாரு?"

எழுந்து நின்றேன். "நானுங்க."

"நீங்க யாரு?"

"அவ மாமியாருங்க."

வகுப்பு கூரை பிய்யச் சிரித்தது. நான் பெஞ்சை விட்டு வெளியே வந்து மேடத்தின் முன்னால் நின்றேன். "மேடம், அவ நல்லா சொல்லித்தருவாங்க. நாந்தான் தெரியாம... இந்த ஜனத்தையெல்லாம் கூட்டியாந்தது நாந்தாங்க. அவள எடுத்துடாதீங்க. வேணும்னா அந்தத் தாள்ல என் பேர அடிச்சுடுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"மருமகளை மாத்தச் சொல்லி மாமியார் மனு கொடுத்து, வகுப்பே கையெழுத்துப் போட்டிருக்கு. ஒருத்தர்கூடப் படிச்சுப் பாக்கல. தேன்மொழி, இவங்களுக்கு உன் வகுப்பு கண்டிப்பா வேணும். அடுத்த சனிக்கிழமை திரும்ப வர்றேன். மெதுவாப் பேசு. உங்க அத்தையை மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வா."

திரும்பும்போது தேன்மொழியும் வேனிலேயே வந்தாள். சாப்பாட்டைத் தொடவில்லை. ராஜம்மா இரண்டு பொட்டலம் சாப்பிட்டுவிட்டு, "ஏம்மா, அடுத்த வாரமும் வரணுமா?" என்று கேட்டாள். அப்போதுதான் தேன்மொழி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எதில் ஆரம்பித்து எதில் முடித்தாள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை மெதுவாகப் பேசினாள். வகுப்பு அவளிடமே இருந்தது. ஆனால் அந்த மெதுவை வூட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். முன்பெல்லாம் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் சண்டை, இப்போது நிறுத்தி நிதானமாக விளக்குவதால் பொழுது சாயும் வரை நீள்கிறது. பெரிய மேடமோ புதிதாக வகுப்பெடுக்க வரும் ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கு முதல் நாள் என் கதையைத்தான் சொல்கிறாராம். வூட்டில் கரண்ட் பில் வந்தாலும் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், "அம்மாகிட்டக் குடுங்க, மொதல் கையெழுத்து அதுதான் போடும்" என்கிறான் என் மகன்.

போடுவதில்லை. அன்றோடு சரி. பேங்க்கில் தாளை நீட்டினால், "படிச்சுக் காட்டுங்க" என்று உட்கார்ந்துவிடுகிறேன். எனக்குப் பின்னால் வரிசை தெருவரைக்கும் நிற்கும். நிற்கட்டும்.

நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் எழுதியது என் பெரிய மகன் பெண் யாழினி. எழுதும்போதே நிறையச் சிரித்தாள். அதனால்தான் எனக்குச் சந்தேகம்.

"முடிஞ்சுது ஆயா. இந்தா பேனா, கீழ கையெழுத்துப் போடு."

"பேனா இருக்கட்டும்டி. மொதல்ல மேல இருந்து படி, கேப்போம்."