முளைப்பாரி அரங்கின் முன்னாள் வளரும் கலைஞர்

உலக நாடகக் கலையின் வரலாற்றை முறையாக எழுத நினைப்பவர்கள் கிரேக்கத்தில் தொடங்கி மதுரை சிம்மக்கல்லில் முடிக்க வேண்டும். நடுவில் வரும் நாடுகளை அடிக்குறிப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். சிம்மக்கல்லில், வாழைத்தார் மண்டி ஒன்றின் மாடியில்தான் ‘முளைப்பாரி அரங்க ஆய்வகம்’ இயங்கி வருகிறது. புதிய நாடகங்களைப் படைப்பதும் வளரும் கலைஞர்களை ஆதரிப்பதும் அதன் இரு கண்கள் என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். கண்கள் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. மூடியிருப்பது தியானத்தினால்.

கீழே மண்டியில் காயாக வந்து இறங்கும் தார், புகைமூட்டம் போட்ட ஓரிரு நாளில் பழுத்து ஊர் பார்க்கக் கிளம்பிவிடும். மாடியில் அப்படிப்பட்ட அவசரம் கிடையாது. அங்கே ஜெயந்த் என்ற நடிகர் பத்து வருஷமாக ‘வளரும் கலைஞர்’ பதவியில் இருந்தார். சேரும்போது அவருக்குச் சுருட்டை முடி. இப்போது முடி இருந்த இடத்தில் அனுபவம் இருந்தது.

குழுவுக்கு இந்தப் பெயர் ஏன் என்று யாரும் கேட்டதில்லை. முளைப்பாரியை இருட்டறையில் வைத்து வளர்த்து, சுற்றி நின்று கும்மியடித்து, ஊர்வலமாக எடுத்துப் போய், கடைசியில் தண்ணீரில் கரைத்துவிடுவார்கள். தெரிந்தேதான் வைத்தார் என்றால், இயக்குநர் ராஜாராமனின் நேர்மையைப் பாராட்டியே ஆகவேண்டும். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதுவானாலும் முதிர்வுக் காலம் வரை தொடக் கூடாது என்ற ஒழுக்கம் அவருக்கு அங்கே கிடைத்தது.

இப்பேர்ப்பட்ட நிறுவனத்தின் படியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச்செல்வி ஏறினாள். பரவையில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகியதால் மனிதர்களின் மனதைப் படிப்பது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. கூட்டமில்லாத மத்தியானங்களில் உட்கார்ந்து ஒரு நாடகம் எழுதியிருந்தாள். கல்யாணமான மூன்றாம் நாள் ஒரு பெண் பையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறாள். ஏன் வந்தாள் என்று வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். தெருவே திரண்டு வந்து விசாரிக்கிறது. நாத்தனாரா, மாமியாரா, மாப்பிள்ளைக்குக் குறட்டையா என்று ஆளுக்கொரு காரணத்தை அவர்களே கண்டுபிடித்து, அவர்களே அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் அவள் சொல்லும் ஒரே பதில்: “அங்க ஒருத்தரும் எம் பேரைக் கேக்கலை.”

பிரதியைக் கொடுத்துவிட்டு, மறு ஞாயிறு வந்து நின்றாள்.

“படிச்சீங்களா சார்?”

“தடவிப் பார்த்தேன்,” என்றார் ராஜாராமன். “எந்தப் பிரதியையும் எடுத்த உடனே படிச்சிடக் கூடாதும்மா. முதல்ல அதோட அதிர்வை உணரணும். ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கே.”

“என்ன சார்?”

“கடைசிப் பக்கத்துல ‘திரை’ன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா சார். நாடகம் அங்க முடியுது.”

“அதான் சிக்கல். முடிஞ்சுபோன நாடகத்தை நாங்க எப்படி வளர்க்கிறது?”

தமிழ்ச்செல்விக்கு வெட்கமாகப் போய்விட்டது. கலை தெரிந்தவர்களிடம் வருகிறோம், அரைகுறையாக எழுதி எடுத்து வந்திருக்கலாமே என்று தோன்றியது. ராஜாராமன் பெரிய மனது பண்ணி அந்தத் ‘திரை’யை ஒரு கோடு போட்டு அடித்தார். அந்த நிமிஷமே அவள் ‘வளரும் கலைஞர்’ ஆனாள்.

முதல் சில வாரங்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நாடகத்தை வாசித்தார்கள். துருவித் துருவிக் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரியாகக் கனகலட்சுமி வாசித்தாள். மாசி வீதியில் ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறவள். பத்துப் பேர் பேசுவதை அவள் ஒருத்தியே பேசுவாள். பெண்ணின் அப்பாவாக ஜெயந்த் வாசித்தார். ஒரு வசனத்தில் அவருக்கே சிரிப்பு தாங்காமல் தரையில் உருண்டார். சிரிப்புச் சத்தம் கேட்டு, கீழே தார் இறக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

ராஜாராமன் முகம் இருண்டது.

“எல்லாருக்கும் சிரிப்பு வருது,” என்றார். “அப்படின்னா எல்லாருக்கும் புரியுதுன்னு அர்த்தம். நாமே புரிய வச்சுட்டா பார்வையாளனுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கு? அவன் உழைப்பை நாம திருடலாமா?”

திருட்டுப்பட்டம் வேண்டாம் என்று எல்லோரும் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். வளர்ச்சிப் பணிகள் முறைப்படி ஆரம்பமாயின.

முதல் கட்டமாகக் குழுவைக் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போய், சமணர் மலையின் பாறையில் வெயிலில் படுக்க வைத்தார். அந்தக் காலத்தில் துறவிகள் அங்கே படுத்து உலகத்தைத் துறந்தார்கள். ராஜாராமன் துறக்கச் சொன்னது வசனத்தை. “சொல்தான் நாடகத்தோட முதல் எதிரி,” என்று அவர் அங்கே ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சொற்பொழிவாற்றினார். இறங்கி வரும்போது ஜெயந்துக்கு முதுகு வெந்திருந்தது. நாடகத்தில் பாதி போயிருந்தது.

இரண்டாம் கட்டத்தில் கல்யாணப் பெண் ‘கருத்தாக்கம்’ ஆனாள். கருத்தாக்கத்துக்கு ஆண் பெண் பேதம் இல்லை என்பதால் அந்தப் பாத்திரம் ஜெயந்துக்குப் போனது. ஒரு சாக்குக்குள் புகுந்துகொண்டு அவர் மெல்ல நெளிய வேண்டும். திரண்டு வந்து விசாரிக்கும் தெருப் பெண்கள் ‘சமூக அழுத்தம்’ ஆனார்கள். சமூக அழுத்தம் ஒரு மேசை விசிறி ஆனது. கனகலட்சுமிக்கு அந்த விசிறியைப் போட்டு அணைக்கும் பாத்திரம்.

“மூணுல வைக்கவா சார், அஞ்சுல வைக்கவா?” என்று அவள் அடக்கமாகக் கேட்டாள்.

“உங்க உள்ளுணர்வுல வையுங்க,” என்றார் ராஜாராமன்.

ஒவ்வொரு வாரமும் தமிழ்ச்செல்வி பரவையிலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து, தன் நாடகம் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வளர வளரச் சிறுத்தது. முதலில் அவளுக்குத் தன் மேல்தான் சந்தேகம் வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்ததை நினைத்து மறுபடியும் தன் மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு கலைஞர் எப்படியெல்லாம் வளர வேண்டுமோ அப்படியெல்லாம் வளர்ந்தாள்.

கடைசியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வசனம். ‘அங்க ஒருத்தரும் எம் பேரைக் கேக்கலை.’

“இதை ஒரு விசும்பலா மாத்திடலாம்,” என்றார் ராஜாராமன்.

“சார், அதுக்காகத்தான் சார் நாடகமே எழுதுனேன்.”

“அதனாலதான் சொல்றேன். நீங்க ரொம்பப் பிடிச்சு வச்சிருக்கீங்க. எதைப் பிடிச்சு வச்சிருக்கோமோ அதை விடணும்.”

விட்டாள். அன்றைக்கு பஸ் நிறுத்தத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கனகலட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏன்டி அழுகுற? எனக்கு இன்னமும் முழு வசனமும் அத்துப்படி. சேலை விரிக்கையில மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருப்பேன். நேத்துகூட வாய் விட்டுச் சொல்லிட்டேன். சேலை எடுக்க வந்த அம்மா எதையும் எடுக்காம, ‘அப்புறம் என்னாச்சு அந்தப் புள்ளைக்கு?’ன்னு உக்காந்துருச்சு.”

“நீங்களாச்சும் வச்சிருக்கீங்களேக்கா,” என்றாள் தமிழ்ச்செல்வி.

அரங்கேற்றம் பரவையில், திண்டுக்கல் ரோட்டு மண்டபம் ஒன்றில் ஏற்பாடானது. மறுநாள் காலை அங்கே ஒரு காதுகுத்து. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மண்டபம் அந்த வீட்டாருக்கு, அதுவரை கலைக்கு. அழைப்பிதழில் நாடகத்தின் பெயர் ‘நிசப்தம்’ என்றிருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் ‘வளரும் கலைஞர் ஒருவர்’ என்றிருந்தது.

“எம் பேர் இல்லையே சார்?”

“பேர் போட்டா வளர்ந்துட்ட மாதிரி ஆயிடுமேம்மா. உங்களைப் பாதுகாக்கத்தான்.”

விழா குறித்த நேரத்துக்கு வெகுநேரம் கழித்து, சிறப்பு விருந்தினர் வந்ததும் தொடங்கியது. அவர் ஓர் உயர் அதிகாரி. நவீன நாடகத்தில் பெரும் ஈடுபாடு கொண்டவர். அந்த ஈடுபாடு கெட்டுவிடக் கூடாது என்று எந்த நாடகத்தையும் பார்க்காமல் இருந்தவர். வளரும் கலைஞர்களை ஏன் ஆதரிக்க வேண்டும் என்று ஒருவர் பேசினார். எப்படி ஆதரிக்க வேண்டும் என்று இன்னொருவர் பேசினார். ஆதரித்தே தீரவேண்டும் என்று சிறப்பு விருந்தினர் மேசையைக் குத்தினார். மேடையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள். வளரும் கலைஞர்கள் மூவரும் படுதாவுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்டு ஆதரவில் நனைந்தார்கள். ஜெயந்துக்கு ஏற்கெனவே சாக்கு மாட்டியாகிவிட்டது. அவர் வேர்வையிலும் நனைந்தார்.

சிறப்பு விருந்தினர் எழுந்தார். அவர் எழுந்ததும் கலை ஆர்வலர்கள் அனைவரும் எழுந்தார்கள். போண்டா இருந்த திசையில் போனார்கள். அங்கிருந்து வாசலுக்குப் போனார்கள். “விருந்தினரைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்திடறேன். நீங்க நிசப்தத்தை ஆரம்பிங்க,” என்று சொல்லிவிட்டு ராஜாராமனும் காரில் ஏறினார். மண்டபத்தில் நாற்காலிகள் மட்டும் கலையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தன.

அப்போதுதான் வேனும் ஆட்டோவுமாகக் காதுகுத்து வீட்டார் வந்து இறங்கினார்கள். அண்டா, பாய்ச்சுருள், குழந்தைகள், வெற்றிலைத்தட்டு என்று மண்டபம் நொடியில் நிறைந்தது. வீட்டுப் பெரியவர் விருமாண்டி படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தார். சாக்குக்குள் ஓர் ஆள் நிற்பதைக் கண்டு ஒரு எட்டுப் பின்னால் போனார்.

“என்னப்பா இது? மண்டபம் இப்பயிருந்து நம்மளதாச்சே.”

“நாடகம் இன்னும் போடலைண்ணே,” என்றார் ஜெயந்த் சாக்குக்குள் இருந்து.

“அப்பப் போடுங்க. சமையக்காரன் இன்னும் வந்து சேரலை. சும்மாதானே உக்காந்துருக்கோம்.”

விருமாண்டி நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். கனகலட்சுமி தமிழ்ச்செல்வியைப் பார்த்தாள்.

“எதைடி போடுறது?”

ராஜாராமனின் கார் எந்த நிமிஷமும் திரும்பி வரலாம். பத்து வருஷம் பொறுத்தவர் ஒருவர் எதிரில் சாக்கு மாட்டி நின்றார். வெளியே ஒரு குழந்தை, “எப்ப ஆரம்பிப்பாங்க?” என்று கத்தியது. இத்தனை மாதத்தில் அவளுடைய நாடகத்தைப் பற்றி ஒருத்தர் அவசரப்பட்டது அதுதான் முதல் தடவை.

“எழுதுனதைப் போடுவோங்க்கா,” என்றாள்.

“சார் கோவிச்சுக்குவாரே,” என்று முனகினார் ஜெயந்த். முனகிக்கொண்டே சாக்கைக் கழற்றிவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

தமிழ்ச்செல்வியே பெண்ணாக, பையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள். அப்பாவான ஜெயந்த், “என்னத்தா, மாப்பிள்ளை எங்க?” என்றார். பத்து வருஷ நாடக வாழ்க்கையில் அவர் மேடையில் பேசிய முதல் வார்த்தை அது. சொன்னது அவருக்கே நம்பிக்கைப்படாமல் இன்னொரு தடவையும் கேட்டார். பாத்திரத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. கனகலட்சுமி உள்ளே நுழைந்து, தெருவில் இருக்கிற அத்தனை பெண்களாகவும் மாறி மாறி விசாரித்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. “எங்க சின்னத்தை அப்படியே இருக்காடி!” என்று ஒரு குரல் வந்தது. “அந்தப் புள்ளையைக் கொஞ்சம் மூச்சு விட விடுங்கய்யா!” என்று விருமாண்டி எழுந்து நின்று கனகலட்சுமியை அதட்டினார். இதற்கிடையில் சமையல்காரர் வந்துவிட்டார். கரண்டியோடு அவரும் ஓரமாக நின்றுகொண்டார்.

கடைசி வசனம் வந்தது.

“அங்க ஒருத்தரும் எம் பேரைக் கேக்கலை.”

சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் சட்டென்று அடங்கியது. இயக்குநர் பல மாதம் பாடுபட்டுத் தேடிய நிசப்தம், தேடாமலே வந்து உட்கார்ந்துகொண்டது. நாடகம் அவ்வளவுதான். தமிழ்ச்செல்வி கும்பிடக் கை தூக்கினாள். அதற்குள் நடு வரிசையில் மடியில் பிள்ளையோடு இருந்த ஒரு பெண் கேட்டாள்:

“சரி, ஒம் பேரு என்னத்தா?”

இதற்கு வசனம் எழுதப்பட்டிருக்கவில்லை. பாத்திரத்துக்கு அவள் பெயரே வைத்திருக்கவில்லை. தமிழ்ச்செல்வி கும்பிடத் தூக்கிய கையை இறக்கினாள்.

“தமிழ்ச்செல்வி,” என்றாள்.

கைதட்டல் ரோடு வரைக்கும் கேட்டது. காரிலிருந்து இறங்கிய ராஜாராமனுக்கும் கேட்டது. வேகமாக உள்ளே வந்து, மேடை ஏறி, மூவருக்கும் நடுவில் நின்று குனிந்து வணங்கி அதை ஏற்றுக்கொண்டார். பிறகுதான் சாக்கு காலியாகக் கிடப்பதைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு மண்டி மாடியில் அவசரக் கூட்டம்.

“நாம இப்ப ஒரு துயரமான வெற்றியைச் சந்திச்சிருக்கோம்,” என்று ராஜாராமன் தொடங்கினார். “தமிழ்ச்செல்வி அரங்கேறிட்டாங்க. அவங்க பேரு நாலு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு. நம்ம ஆய்வகத்தோட நோக்கம் வளரும் கலைஞர்களை ஆதரிக்கிறது. வளர்ந்துட்டவங்களை ஆதரிச்சா அது கொள்கை மோசடி.”

“அப்ப நான் இப்ப யாரு சார்?” என்றாள் தமிழ்ச்செல்வி.

ராஜாராமன் யோசித்தார். “முன்னாள் வளரும் கலைஞர்.”

“சார், நானும் அன்னைக்குப் பேசுனேனே,” என்று ஜெயந்த் எழுந்தார்.

“நீங்க வளரலை ஜெயந்த். சும்மா பேசினீங்க. நீங்க இருக்கலாம்.”

ஜெயந்த் இருக்கவில்லை. கனகலட்சுமியும் இருக்கவில்லை. விருமாண்டியின் சம்பந்தி வீட்டு வளைகாப்புக்கு அந்த நாடகம்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கப்புறம் சோழவந்தான் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். மூவரும் படியிறங்கிப் போனார்கள். தமிழ்ச்செல்வி இப்போது இரண்டாவது நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ‘திரை’ என்று கொட்டை எழுத்தில் முதலிலேயே போட்டுவிட்டாளாம்.

காலியான இடங்களுக்கு முளைப்பாரி உடனடியாகப் புதிய வளரும் கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தது. போன வாரம்தான் அவர்களைப் பாறையில் படுக்க வைத்தார்கள். இந்த மகத்தான சேவையைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. வளராமல் இருக்கும்வரை எந்தக் கலைஞரையும் அந்த நிறுவனம் இதுநாள்வரை தானாக விட்டதே இல்லை.

விட்டிருந்தால் வளர்ந்திருப்பார்கள்.