வெள்ளிக்கிழமைக் கண்டம்

கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த நவமணியின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. காய்கறிக் கடைக்குப் பின்னால் தேத்தண்ணிக் கடை. நடுவில் ஒரு சாக்குத் திரைதான்.

"நம்ம கிராணி சந்திரசேகரனுக்கு வெள்ளிக்கிழமை ஒரு கண்டம் வருதுலா."

"மெய்யாவா?"

"துரையே சொல்லிட்டாரு. பெரிய கண்டம். தூக்க நாலு பேரு வேணும். நீயும் வந்துடு."

"வராம இருப்பேனா? வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?"

"மூச்சு விடக் கூடாதுன்னு கிராணி சொல்லியிருக்காரு. பாவம் அந்த அக்கா. வாசல்ல கொண்டாந்து இறக்குறப்ப என்ன கூப்பாடு போடப் போவுதோ!"

நவமணியின் கையிலிருந்த கத்தரிக்காய் கூடைக்குள் விழாமல் சாக்கடைக்குள் விழுந்தது. குரல்கள் அவளுக்குத் தெரிந்தவைதான். ஒருவன் ஹபீப் முகம்மது, இன்னொருவன் சின்னையா. இருவருமே அவள் புருஷன் சந்திரசேகரன் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, உத்தியோகம் பார்க்கும் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர்கள். திரையைச் சுற்றிக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தாள். பெஞ்சில் இரண்டு காலிக் குவளைகள்தான் இருந்தன.

"ஐயோ, தண்ணீர்மலை முருகா!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சந்திரசேகரனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நல்ல மனிதர். சூது கிடையாது, கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதும் கிடையாது. ஒரே ஒரு கிறுக்கு, துரு. பழைய சாமான் சந்தையில் எவனும் திரும்பிப் பார்க்காத துருப்பிடித்த சுத்தியல், குறடு, இழைப்புளி, அரம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் சோறு தண்ணி வேண்டாம். இரும்பு பளபளவென்று வந்ததும் தேங்காயெண்ணெய் தடவிக் கூடத்தில் வரிசையாக வைப்பார்.

சரி, வைத்தாரே, பயன்படுத்தினாரா என்றால் அதுவும் கிடையாது. ஒருமுறை காலண்டர் மாட்ட ஆணி அடிக்கச் சொன்னாள் நவமணி. "மெருகு போட்ட சுத்தியல்ல ஆணி அடிக்கிறதா? உனக்கு மனசாட்சியே இல்லையா?" என்று கேட்டுவிட்டார். பதினேழு சுத்தியல் இருந்த வீட்டில் அவள் அம்மிக் குழவியால் ஆணி அடித்தாள். அன்றிலிருந்து அந்தச் சாமான்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஆனால் புருஷனைக் கண்டால் ஆகாது என்று யார் சொன்னது? அவருக்கு ஒன்று என்றால் அவள் உயிர் அவளிடம் இருக்காது.

டத்தோ கிராமாட் தெருவில் அவள் வீட்டுக்கு அடுத்த வீடு ஜன்னத்துடையது. நேரே அங்கேதான் போய் அழுதாள்.

"அல்லாவே! கண்டமா?" என்று ஜன்னத் நெஞ்சில் கை வைத்தாள். "யாரு சொன்னா?"

"துரையே சொல்லிட்டாராம்க்கா."

"வெள்ளைக்காரன் ஜோசியமெல்லாம் பாக்குறானா?"

"கப்பலையே கண்டுபிடிச்சவங்க, இதைக் கண்டுபிடிக்க மாட்டாங்களா? அவருகிட்டயே கேட்டுடட்டுமா?"

"பைத்தியமே! கேட்டுத் தொலைச்சுடாதே. அவருக்குத் தெரிஞ்சதை நீ வாய் விட்டுச் சொன்னா, வெள்ளிக்கிழமை வர்றது புதன்கிழமையே வந்துடும். தெரியாத மாதிரியே இரு."

நவமணி தெரியாத மாதிரியே இருந்தாள். இருக்க விட்டால்தானே! அன்று சாயந்திரம் சந்திரசேகரன் இரண்டு முழம் மல்லிகைப்பூவோடு வந்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் பூ வாங்கி வந்தது இல்லை. பூவைக் கொடுத்துவிட்டு, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு, கூடத்தைக் கயிற்றால் அளக்க ஆரம்பித்தார்.

"என்னங்க அளக்குறீங்க?"

"சும்மாத்தான்." கயிற்றில் முடிச்சுப் போட்டார். "ஆறடி நீளம். ரெண்டடி அகலம். தாராளமாப் போதும்."

நவமணி அடுப்படிக்குள் போய், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் டிராம் பிடித்து, தண்ணீர்மலை அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் ராமதாஸ் ஜோசியரிடம் போனாள். ஜாதகம் இருக்கிறதா என்று கேட்டார். அது தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய மாமனாரிடம் இருக்கிறது என்றாள். பரவாயில்லை என்று சோழிகளை உருட்டினார்.

"வெள்ளிக்கிழமை கண்டம்னு சொல்றாங்க, சாமி."

"சொல்றதென்ன? அப்பட்டமாத் தெரியுதே." ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டார். "தண்ணியில இல்ல. நெருப்பிலயும் இல்ல. இரும்பு. இரும்பாலதான் வருது. வீட்டுல பழைய இரும்பு ஏதாச்சும் இருக்கா?"

"உக்கார இடமில்லாம இருக்கு, சாமி!"

ஜோசியருக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது. தன் வாக்கு இவ்வளவு கச்சிதமாகப் பலிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உற்சாகம் வந்து கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் அந்த வீட்டில் இரும்பு என்று ஒரு துண்டுகூட இருக்கக் கூடாது. விற்கக் கூடாது, தானமாகத்தான் போக வேண்டும். போகிற இரும்பு கடலைத் தாண்ட வேண்டும்.

கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பழைய இரும்பு வாங்க வரும் சீனர் ஒருவர் உண்டு. வியாழக்கிழமை காலை, சந்திரசேகரன் வேலைக்குக் கிளம்பிப் போனதும், நவமணி அவரைக் கைதட்டிக் கூப்பிட்டாள். கூடத்தைக் கண்ட சீனர் விழித்தார். பதினேழு சுத்தியல், ஒன்பது குறடு, ஆறு இழைப்புளி, இன்னும் பெயர் தெரியாதவை எத்தனையோ, எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மின்னிக்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் சும்மா எடுத்துக்க," என்றாள்.

"பெர்ச்சுமா?" என்றார் சீனர், மலாயில். இலவசமா என்று கேட்கிறார்.

"ஆமா, பெருசும் சும்மாதான், சிறுசும் சும்மாதான். தூக்கு, தூக்கு!"

சாமான்கள் போன பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. அரிவாள்மணை இரும்பு. தோசைக்கல் இரும்பு. கதவின் தாழ்ப்பாள் இரும்பு. குழவியால் அடித்தாளே, அந்தக் காலண்டர் ஆணிகூட இரும்பு. சீனரைத் தெருமுனை வரை துரத்திப் போய் எல்லாவற்றையும் வண்டியில் போட்டாள். சந்திரசேகரனின் குடையைக்கூட விடவில்லை, அதன் கம்பி இரும்பாயிற்றே. மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போன குடையை எடுத்துவரப் பட்டறையிலிருந்து அவர் ஆள் அனுப்பியபோது, "குடை இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அன்று பார்த்து மழை கொட்டு கொட்டென்று கொட்டியது.

சாயந்திரம் தொப்பலாக நனைந்து, இருமிக்கொண்டே வந்தார் சந்திரசேகரன். அந்த இருமலைக் கேட்டதும் நவமணி துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒரு நாள் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டதோ?

அவரோ கூடத்து வாசலில் அப்படியே நின்றார். வெறும் தரை. ஒரு திருகாணிகூட இல்லை.

"சாமானெல்லாம்...?"

நவமணி துண்டை நீட்டினாள்.

"நீயே ஒதுக்கிட்டியா?"

"ஒதுக்கிட்டேன்."

"அப்ப உனக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரியும்."

"வெள்ளிக்கிழமைன்னு?"

"வெள்ளிக்கிழமைன்னு."

சந்திரசேகரன் ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழுங்கிக்கிட்டே இருந்தேன், நவமணி. நீ வீட்டை ரெண்டாக்கிடுவியோன்னு பயந்தேன். நீ என்னடான்னா இடத்தையே ஒழிச்சுக் குடுத்துட்டே! இப்படி ஒரு பெண்டாட்டி எவனுக்குக் கிடைப்பா?"

"உங்களுக்கு... பயமா இல்லையா?"

"என்ன பயம்? பத்து வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்!"

"பத்து வருஷமாவா!" நவமணிக்கு அழுகை பீறிட்டது. "கல்யாணம் ஆன மறு வருஷத்துலேருந்தா? அவ்வளவு கொடுமையா படுத்திட்டேன் உங்களை?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அழுவாதே. நாளைக்கு வந்ததும் தலைப்பக்கம் ஜன்னலோரமா இருக்கட்டும், வெளிச்சம் வேணும். கால்பக்கம் சுவரோரம். எண்ணெய் ரெண்டு போத்தல் வாங்கி வை. உடம்பு பூராத் தேய்ச்சுத் துடைக்கணும்ல."

இவ்வளவு நிதானமாகத் தன் காரியத்தைத் தானே பேசும் மனிதரை நவமணி கண்டதில்லை. காலில் விழுந்தாள். அவர் பதறித் தூக்கினார். "சாமானெல்லாம் ஜன்னத் வீட்டுலதானே இருக்கு?" என்று கேட்டார். சாகப் போகிறவரிடம் எதற்கு உண்மை? தலையாட்டிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சந்திரசேகரன் வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தார். குளித்து, திருநீறு பூசி, வெளுத்த வேட்டி கட்டி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். அந்த வெள்ளை வேட்டி அவளுக்குக் கோடித்துணியாகவே தெரிந்தது. பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"உள்ளே பரண்ல ஏதோ உருளுது, பாருங்க," என்றாள். அவர் படுக்கை அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள்தான் அக்கரைக்குப் போய்விட்டதே! தன் கூறைப்புடவையை எடுத்து, கதவின் மரக்குமிழையும் தூணையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"நவமணி! என்ன விளையாட்டு இது? கதவைத் திற!"

"பன்னெண்டு மணி வரைக்கும் உள்ளேயே இருங்க!"

"பன்னெண்டுக்குள்ள வந்துடும்டி! நான் எதிர்ல நிக்கணும்!"

"வரட்டும்! நான் நிக்கிறேன்! என்னைத் தாண்டி உங்களை எப்படிக் கொண்டுபோவுதுன்னு பாக்குறேன்!"

"என்னை எங்கே கொண்டுபோவுது? உனக்கு என்ன ஆச்சு?" கதவு தடதடவென்று அதிர்ந்தது.

நவமணி ஒரு கையில் வேப்பிலைக் கொத்தும் இன்னொரு கையில் விளக்குமாறுமாக வாசற்படியில் நின்றாள். ஜன்னத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றரை இருக்கும். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பியது. மாட்டு வண்டி இல்லை. கன்னங்கரேலென்று ஒரு எருமை பூட்டிய வண்டி.

நவமணி வேப்பிலைக் கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எமன் வாகனமேறி வருவான் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வாகனத்தை வண்டியில் பூட்டிக்கொண்டு, அதுவும் பட்டப்பகலில் டத்தோ கிராமாட்டுக்குள் வருவான் என்று யார் கண்டது? வண்டியில் ஆறடி நீளத்துக்கு ஏதோ கிடந்தது. மேலே கித்தான் துணி மூடியிருந்தது. பின்னாலேயே நாலு பேர், தோளில் மூங்கில் கழியும் கையில் கயிறுமாக நடந்து வந்தார்கள். முன்னால் ஹபீப் முகம்மது. அவன் பக்கத்தில் சின்னையா.

வண்டி அவள் வாசலில் நின்றது.

"நில்லுங்கடா!" விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள் நவமணி. "ஆளு உள்ளே முழுசா உசுரோட இருக்காரு! அதுக்குள்ள கழியும் கயிறுமா தூக்க வந்துட்டீங்களா? ஒரே பட்டறையில சோறு தின்னவங்கதானே நீங்க? ஈவு இரக்கமே கிடையாதா? போங்க! கண்டம் வராது! வர விடமாட்டேன்! வீட்டுல ஒரு துண்டு இரும்பு கிடையாது, எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டேன்!"

உள்ளே தடதடத்துக்கொண்டிருந்த கதவு சட்டென்று அமைதியானது.

சின்னையா இரண்டடி பின்னால் போய் எருமையின் மறுபக்கத்தில் ஒதுங்கினான். ஹபீப் முகம்மது மட்டும் நின்ற இடத்தில் நின்று, விளக்குமாற்றையும் வேப்பிலையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஒன்றும் புரியாமல் கித்தானை மெல்ல விலக்கினான். உள்ளே, காலால் மிதித்து ஓட்டுகிற பழைய கடைசல் மெஷின் ஒன்று, தலை முதல் கால் வரை செக்கச் செவேலென்று துருவேறிப் படுத்திருந்தது.

"கண்டம் வந்திருச்சேக்கா," என்றான் அவன் பணிவாக. "உதவாதுன்னு கழிச்சுப் போடுற சாமானைத்தானே பட்டறையில கண்டம்னு சொல்றோம். துரை இதைக் கண்டம் பண்ணி, அண்ணன் ஆசையாக் கேட்டாருன்னு அவருக்கே குடுத்துட்டாரு. துரு எடுக்குற சாமானெல்லாம் அண்ணன் எங்க வெச்சிருக்காருன்னு காட்டுங்க, அது பக்கத்துலயே இறக்கிடுறோம்."