கதாநாயகன் வராத ஊர்வலம்

“ஊர்வலம் எங்கே?” என்றார் ஜெயவேல்.

“இதுதாங்க சார்,” என்றான் தனக்கோடி.

கோட்டை மைதானத்தில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். கூலி உயர்வு கேட்டு ஆரணி நெசவாளர்கள் தறியை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதை டாக்குமெண்டரி எடுக்க மெட்ராஸிலிருந்து கேமராவோடு வந்திருந்தார் ஜெயவேல். ‘ஊரே திரண்டு நிற்கிறது’ என்று சங்கச் செயலாளர் தனக்கோடிதான் கடிதம் போட்டிருந்தான். ஊர்வலத்தில் தலை தெரிந்தால் இனி நெய்யப் பாவு நூல் கிடையாது என்று பட்டு முதலாளிகள் மிரட்டியதை மட்டும் எழுதவில்லை.

“நாளைக்கு ஆயிரம் பேர் வருவாங்க சார்.”

சாயங்காலமே தெருத்தெருவாகப் போனான். “நாளைக்கு சினிமா ஷூட்டிங். மெட்ராஸ்ல இருந்து ஹீரோ வராரு.”

மறுநாள் மைதானம் கொள்ளாத கூட்டம். பெட்டியிலிருந்த ஒரே நல்ல துணியைக் கட்டி, பவுடரும் பூவுமாக வந்திருந்தார்கள்.

ஜெயவேல் தலையில் கை வைத்தார். “இவங்களா பட்டினி கிடக்கறவங்க?”

“ஜல்தியா போய் பழசைக் கட்டிகினு வாங்க. ஏழை வேஷம்,” என்று விரட்டினான் தனக்கோடி.

“அது வூட்ல நெறைய கீது,” என்றாள் செல்லியம்மாள் என்ற நெசவுக்காரி.

திரும்பியபோது கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. ஷூட்டிங் பார்க்கத் தேசூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் கிழிசல் கட்டியிருந்தார்கள்.

“ஹீரோ எப்ப வருவாரு?”

“சத்தம் நல்லா கேட்டாதான் வருவாராம்,” என்றான் தனக்கோடி.

சொல்லியிருக்கக் கூடாது. கோஷம் கோட்டைச் சுவரில் மோதியது. கூட்டம் கேமராவைத் தாண்டிப் போய் முதலாளிகள் சங்கத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் லத்தியை உருவினார்.

“யார் பர்மிஷன் குடுத்தது?”

“ஷூட்டிங்குங்க,” என்றாள் செல்லியம்மாள்.

இன்ஸ்பெக்டர் கேமராவைத் தேடிப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டு, பஸ்ஸையெல்லாம் வேறு வழியில் திருப்பிவிட்டார்.

பொழுது சாய்வதற்குள், வெளியே வர வழியில்லாத முதலாளிகள் கூலி உயர்வுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஏமாந்த ஜனம் சும்மா விடுமா? அடித்தால் அடிக்கட்டும் என்று தனக்கோடி அந்த வாசல் படியேறி நின்றான்.

“மன்னிச்சிடுங்க. ஹீரோ யாரும் வரலை. இது சினிமாவே இல்லை. நான் பொய் சொல்லிட்டேன்.”

செல்லியம்மாள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“தெரியும் தம்பி. ஊர்வலம் போறேன்னா மொதலாளி பாவை நிறுத்துவாரு, ஷூட்டிங் பாக்கப் போறேன்னா இன்னா பண்ணுவாரு? இந்தப் பொய்ய நீ மொத வாரமே சொல்லுவேன்னுதான் நாங்கல்லாம் காத்துகினு இருந்தோம்.”