வரிசை விட்ட மூன்று ரயில்கள்

மார்ச் 9, திங்கட்கிழமை. மதியம் ஒன்று நாற்பதுக்கு சிங்கப்பூரில் இறங்கினோம். மூன்றேகாலுக்கு விடுதி அறை. குளித்தேன். ரத்த அழுத்த மாத்திரை போட்டேன். கைக்குட்டை இரண்டைத் துவைத்து நாற்காலியில் காயவைத்தேன். அதுவரை நடந்ததை நாட்குறிப்பில் எழுதினேன். எல்லாம் பொன்னேரி வீட்டில் செய்வதுபோலத்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார் வரிசை.

யாரையும் ஒருமுறைகூட முந்தாமல் ஐம்பத்தெட்டு வயதுவரை வந்து சேர்ந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். என் அக்காவின் கணவர். சொந்தப் பெயரைக் கேட்டால் அக்காவே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். எங்கள் ஊர் கோட்டைக்குப்பம் முழுக்க அவர் வரிசைதான். கல்யாணப் பந்தியில் கடைசி ஆளாக உட்கார்ந்து வெறும் ரசம் சாப்பிட்டு எழுவார். தன் கல்யாணத்தன்றே, முந்தின முகூர்த்தக்காரர்கள் மண்டபத்தைக் காலி செய்யட்டும் என்று மாலையும் கழுத்துமாகத் தெருவில் நின்றவர். புரோகிதர் வந்து கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பெயர் வந்தது ஏரியால். எங்கள் பக்கம் இறால் வலை போடும் இடங்களை முறைவைத்துப் பிரிப்பார்கள். இன்று ஒருவர் போட்ட இடத்தில் நாளை அடுத்தவர். அதற்குப் பாடு என்று பெயர். யாருக்கு என்றைக்குப் பாடு என்ற பட்டியல் வரிசையிடம்தான் இருக்கும். சீட்டுக் குலுக்கும் நாளில் ஆள் நேரில் வர வேண்டும், வராதவர் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது ஊர்ச் சட்டம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவருடைய தம்பி அரை மணி நேரம் தாமதமாக வந்தார். மனைவியைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஓடி வந்தவர். வரிசை ஏற்கெனவே அவர் பெயர்மேல் கோடு போட்டிருந்தார்.

அந்த அம்மாள் பிழைக்கவில்லை. பிள்ளைகளும் கிடையாது. தம்பி வெல்டிங் கற்றுக்கொண்டு சிங்கப்பூர் போனார். அண்ணன் குரல் கேட்டால் போனை வைத்துவிடுவார்.

இப்போது அவருக்கு நுரையீரல் முழுக்கக் கெட்டுவிட்டது, ஓரிரு நாள்தான் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்லியனுப்பினார்கள். வரிசை ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “என் முறைய எடுத்துக்கினு அவன் பேர எழுதுங்க” என்று கேட்டு வாங்கினார். முதல் பாடு பத்தாம் தேதி காலை; ஊர் ஆட்கள் தம்பி பேரில் வலை இறக்குவார்கள். அதைத் தம்பி காதில் நேரில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தோம். பார்வையாளர் நேரம் மாலை ஏழிலிருந்து எட்டு மணிவரைதான்.

ஆறு நாற்பதுக்கு மெட்ரோ நடைமேடையில் நின்றோம். தரையில் அம்புக்குறி போட்டு, இறங்குபவர்களுக்கு வழி விட்டு, ஏறுபவர்கள் ஓரமாக நின்றார்கள். வரிசையின் முகத்தில் அன்று நான் பார்த்த ஒரே வெளிச்சம் அப்போதுதான் வந்தது.

“மச்சான், பாத்தியா? யாரு இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?”

ரயில் வந்தது. நான் ஏறப் போனேன். சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“இன்னா அவசரம்? ஊர்க்காரங்க மொதல்ல போவட்டும். நாம வெளியூரு. கடைசிலதான் எறங்கணும்.”

ஏரியில் அதுதான் வழக்கம். உள்ளூர்க்காரர்கள் வலையெல்லாம் இறங்கிய பிறகே வெளியூர்க்காரன் இறக்கலாம். ஆனால் இங்கே நகரும் படிக்கட்டில் ஊர்க்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டாவது ரயிலும் போனது. ஒரு சீனப் பெரியவர் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒதுங்கி வழி விட்டார். வரிசை அவர் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிவிட்டார். மூன்றாவதும் போனது.

“மாமா, இங்க ஊர்க்காரங்க முடியவே மாட்டாங்க! இது ஏரி இல்ல!”

“அதுக்குன்னு அடுத்தவன் பாட்டுல பூந்துருவியா?”

நான்காவது ரயிலில் அவரை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினேன். மணி ஆறு ஐம்பத்திரண்டு. உட்கார இடம் கிடைத்தது. ஒரு நிலையம் போனதும் எழுந்தார். போனில் மூழ்கி நின்றிருந்த இளைஞனின் தோளைத் தட்டி, “உன் பாடு, குந்து நைனா” என்றார். அவன் மிரண்டுபோய் உட்கார்ந்தான். அடுத்த நிலையத்தில் அவனையும் எழுப்பி ஒரு பெண்மணியை உட்காரவைத்தார். ஐந்தாவது நிலையம் வருவதற்குள் எங்கள் பெட்டியில் யாரும் தட்டாமலே எழுந்துகொண்டார்கள். இருக்கை காலியாகவே ஓடியது. வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

ஏழு நாற்பதுக்கு வார்டு வாசலை அடைந்தோம். நர்ஸ் தமிழ்ப் பெண்.

“இவ்வளவு நேரம் முழிச்சுத்தான் இருந்தாரு. அண்ணன் வந்துட்டாரான்னு ரெண்டு தடவை கேட்டாரு. பத்து நிமிஷம் முன்னாடி நினைவு போயிடுச்சு. இனிமே திரும்பறது கஷ்டம் சார்.”

மூன்று ரயில், பன்னிரண்டு நிமிடம். கணக்கு என் மனதில் தானாக ஓடியது. அவருக்கும் அந்தக் கணக்குத் தெரியும்.

குழாய்களுக்கு நடுவே குனிந்து, தம்பி காதருகே வாயை வைத்தார். “டேய் சின்னவனே. பேர எழுதிட்டோம்டா. நாளைக்குக் காலையில உன் பாடு. கேக்குதா? உன் பாடுடா.” எட்டு மணிவரை இதையே சொன்னார். குரல் கம்மிப்போய் கடைசியில் உதடுகள் மட்டும் அசைந்தன.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு அறைக்குப் போன் வந்தது. சின்னவர் போய்விட்டார்.

வரிசை சுவரைப் பார்த்தபடி கேட்டார்: “ஊர்ல இப்ப மணி இன்னா?”

“மூணு இருபது, மாமா.”

“நாலு மணிக்குப் படகு எடுப்பாங்க.”

எங்கள் ஊரில் சாவுச் செய்தி வந்துவிட்டால் அன்றைக்கு யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். அன்றைய பாடு போனது போனதுதான். மறைத்துவிட்டு வலை போட்ட இரண்டு பேருக்கு வரிசையே முன்னால் நின்று அபராதம் போட்டிருக்கிறார்.

“வல ஏர்ற வரைக்கும் சொல்லாத” என்றார்.

“மாமா, அது...”

“தப்புதான். தெரியும். ஒரு தபா அவன் பேர்ல வல எறங்கட்டும் மச்சான்.”

அன்று காலை நான் முதலில் செய்த வேலை அக்காவுக்குப் போன் போட்டது.

“இன்னாடா, சின்னவரு எப்டி கீறாரு?”

“தூங்குறாருக்கா. படகு எடுக்கச் சொல்லு.”

நான் பேசி முடிக்கும்வரை வரிசை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசி முடித்த பிறகும் நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை.