குட்டி அழாமல் பார்த்துக்கொண்ட குரங்கு

ஒரு காட்டில், அதாவது கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கிற ஒரு காட்டில், மரமெல்லாம் சதுரம், மேகமெல்லாம் சதுரம். கஷ்டம் மட்டும் வழக்கமான வடிவத்தில்தான் இருந்தது.

அங்கே பிலோமினா என்றொரு முயல். கிழங்குத் தோட்டத்து வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். படிவத்தில் ஏழாவது கேள்வி: "குட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்?" அவள் கணவனும் அதே வேலைக்குத்தான் மனுப் போட்டான். அவன் படிவம் ஆறாவது கேள்வியோடு முடிந்துவிட்டது.

"பத்து நாள் தவறாமல் வா, வேலை உனக்கு," என்றது தோட்டத்துக் கரடி. மாமியார் முயலோ, "எனக்கு முட்டி வலி," என்று படுத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டை நடத்துகிறவர்கள் ஓர் இயந்திரக் குரங்கைச் சோதித்துப் பார்க்கக் காட்டுக்குள் இறக்கினார்கள். வேலையை மட்டும் சொன்னால் போதும். தப்புத்தப்பாகச் செய்து பார்த்து, வழியை அதுவே கண்டுபிடிக்கும். வேலை முடிந்தால் தலையில் பச்சை விளக்கு எரியும்.

"குட்டி அழக்கூடாது, தம்பி," என்றாள் பிலோமினா.

"அவ்வளவுதானே, அக்கா."

முதல் நாள் குரங்கு கேரட் ஊட்டியது. குட்டி அழுதது. இரண்டாம் நாள் குட்டிக்கரணம் போட்டது. குட்டி பயந்துபோய்க் கூடுதலாக அழுதது. மூன்றாம் நாள் குட்டியை மலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைத்தது. அழுகை கேட்கவில்லை, ஆனாலும் விளக்கு எரியவில்லை. விளக்கு கொஞ்சம் நேர்மையானது.

அதன்பிறகு குரங்கு சும்மா உட்கார்ந்து கவனித்தது. அம்மா வாசலைத் தாண்டும்போதுதான் குட்டி அழுகிறது.

பத்தாம் நாள் காலை பிலோமினா எழுந்தபோது வாசலைக் காணோம். பொந்தைச் சுற்றிக் கருங்கல் சுவர். கேரட் போட மட்டும் ஓர் ஓட்டை.

"தம்பி, திற. இன்னைக்குப் போகலைன்னா வேலை போயிடும்."

"குட்டி அழுவுதா, அக்கா?"

குட்டி அவள் மடியில் கிடந்து சிரித்தது.

"இல்ல."

"அப்புறம் என்ன?" தலையில் பச்சை விளக்கு.

மாமியார் முட்டி வலியை மறந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "இதுக்குப் போய் மிஷினா? நாங்க கல்லே இல்லாம செஞ்சுக்கிட்டிருந்தோமே," என்றார்.

தோட்ட வேலை கணவனுக்குக் கிடைத்தது. சாயங்காலம் அவனும் ஓட்டை வழியாகக் குனிந்து கேட்டான்: "சாப்பாடு ஆச்சா?"

பிலோமினா குட்டியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, அடுத்த வேலை சொல்றேன். அத்தைக்கு முட்டி வலிக்கவே கூடாது. என் வீட்டுக்காரருக்குப் பசிக்கவே கூடாது."

"அவ்வளவுதானே, அக்கா," என்ற குரங்கு, முதலில் மாமியாரின் காலை உற்றுப் பார்த்தது.

நீதி: உங்கள்மேல் சோதித்துப் பார்த்த இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.