ஒருக்கால் கேட்டால் காணும்

“என்ரை இணையப் பக்கம் ஒருக்கால் கேட்டால் காணும், அதுவே போதும், வைகாசி வெயிலிலையும் குருநகரிலை பனி கொட்டும்!”

முதல்நாள் மீனவர் சங்கக் கூட்டத்தில் மேசையில் அடித்து இப்படிச் சொன்னவன் ஜெனிஸ்ரன். சங்கத்துக்கு இணையப் பக்கம் செய்துகொடுத்த மென்பொருள்காரன். முழுச் சங்கமும் கை தட்டியது, ஒருவரைத் தவிர. ஐஸ் ஆலைக் குழாயடியில் முப்பது வருடமாகக் காவல் நின்று, கேட்பவருக்குத் தன் கையாலேயே ஐஸ் திறந்துவிடும் சிமியோன், “கொட்டட்டும், பாப்பம்” என்று சொல்லிவிட்டுப் பல்லுக் குத்தினார்.

ஏற்பாடு இதுதான். திரையில் ஒவ்வொரு படகுக்கும் ஓர் அட்டை. அட்டை தோன்றியதும் தானாகவே ஆலையின் சேவர் கணினிக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். கோரிக்கை ஒன்றுக்கு, இறங்குதுறையில் இருக்கிற குழாயிலிருந்து ஒரு பெட்டி அரைத்த ஐஸ் விழும். “தந்தாச்சு” என்று அட்டைக்குப் பதில் வரும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சங்க அலுவலகத்தில் வெள்ளோட்டம். சங்கத் தலைவர் செபநாயகத்தின் படகு அட்டை மட்டும் திரையில். தலைவர் ஜெனிஸ்ரனின் முதுகுக்குப் பின்னால்.

“தந்தாச்சு” என்றது திரை.

“ஒரு துண்டும் வரேல்லை” என்றார் தொலைபேசியில் சிமியோன்.

தலைவரின் மூக்கு நுனி சிவந்தது. “எட்டு மணிக்கு அறுபத்துமூண்டு படகும் கரைக்கு வருது. ஐஸ் இல்லாட்டி மீன் நாறும். மீன் நாறினால் நீர் உம்மடை மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டும். விளங்குதோ?”

“தந்தாச்சு எண்டு திரையிலை கிடக்கு, அண்ணை!”

“திரையை ஆர் கேட்டது? முப்பது வருசத்திலை சிமியோன் ஒரு பொய் சொன்னதில்லை.”

ஜெனிஸ்ரனுக்குத் தலை கொதித்தது. அந்த நேரம் அவன் உச்சியில் கேத்திலை வைத்திருந்தால் முழுச் சங்கத்துக்கும் தேத்தண்ணி ஊற்றியிருக்கலாம். ‘தோன்றும்போது ஒருக்கால் மட்டும் கேள்’ என்று அட்டைக்குள் அவனே எழுதியிருந்த கட்டுப்பாட்டை ஒரே தட்டில் அழித்தான்.

“வருமட்டும் கேக்கட்டும்!”

பக்கத்து மேசையில் கணினி வேலை பார்க்கும் றஜிதா எட்டிப் பார்த்தாள். “ஜெனிஸ்ரன், அதை அழிச்சால், பதில் வந்தவுடனை அட்டை தன்னைத் திரும்பக் கீறும், புதுசாத் தோன்றும். கீறினவுடனை திரும்பக் கேக்கும். பதில் வரும். பிறகும்...”

“றஜிதா, சும்மா இரும்!”

“வரேல்லை” என்றார் சிமியோன். கொஞ்ச நேரத்தில், “வ... வரே...” என்றார். பிறகு ‘சளக்’ என்று ஒரு சத்தம். தொலைபேசி செத்துவிட்டது.

“கேட்டீரே? இன்னும் வரேல்லை!” தலைவர் மேசையில் குத்தினார்.

ஜெனிஸ்ரன் பல்லைக் கடித்தான். அறுபத்துமூன்று படகுகளின் அட்டைகளையும் ஒரேயடியாகத் திரையில் ஏற்றினான். “இப்ப வருதோ இல்லையோ எண்டு பாப்பம்!”

வந்தது.

றஜிதா யன்னலைத் திறந்தாள். திறந்த வேகத்திலேயே சாத்தினாள். “அண்ணை, வெளியிலை எல்லாம் வெள்ளையாக் கிடக்கு.”

இறங்குதுறையைக் காணவில்லை. வலைகளைக் காணவில்லை. காகங்கள் ஒரு காலைத் தூக்கி மறுகாலை வைத்து, வைத்த காலை உடனே தூக்கின. கனடாவிலிருந்து வந்து பதினைந்து வருடமாக அலுமாரிக்குள் கிடந்த ஜக்கெற்றுகள் அன்றுதான் வெளிச்சம் கண்டன.

ஜெனிஸ்ரன் அட்டைகளை ஒவ்வொன்றாக அகற்றத் தொடங்கினான். ஒன்றை அகற்ற, மிச்சம் அறுபத்திரண்டும் தங்களைத் திரும்பக் கீறி, திரும்பக் கேட்டன. கடைசியில் பக்கத்தையே மூடினான். குழாயின் இரைச்சல் அடங்கத் தொடங்கியது.

அதற்குள் தலைவர் சங்கத்து ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். “ஒருத்தரும் சங்கத்துப் பக்கத்தைத் திறக்காதேங்கோ! திறக்கவே திறக்காதேங்கோ!”

அதுவரை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் ஊரில் நாலு பேர். அறிவித்தல் முடிய முன்னமே நாலாயிரம் பேர். ஒவ்வொரு தொலைபேசியிலும் அறுபத்துமூன்று அட்டைகள். குழாய் மறுபடி உறுமியது.

“ஆரண்ணை உங்களை அறிவிக்கச் சொன்னது?”

“ஆரடா உன்னை இந்த இழவைச் செய்யச் சொன்னது?”

இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்க, றஜிதா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் ஐஸில் ஆலைக்கு ஓடி, பிரதான சுவிச்சை இழுத்து விழுத்தினாள்.

ஊர் அமைதியானது. குழாயடியில், விளக்குக் கம்பத்தின் கழுத்துவரை ஒரு வெள்ளைமலை. படகுகள் கரையை அடையாளம் தெரியாமல் தூரத்திலேயே நின்று ஹோர்ன் அடித்தன.

மலை அசைந்தது. அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு தலை வந்தது. புருவத்தில் ஐஸ், மீசையில் ஐஸ். சிமியோன்.

ஜெனிஸ்ரன் வழுக்கி வழுக்கி ஏறிப்போய் அவர் முகத்துக்கு நேரே கத்தினான். “இப்பவாவது சொல்லுங்கோ, அண்ணை! தலைவருக்கு முன்னாலை சொல்லுங்கோ! வந்ததோ, வரேல்லையோ?”

சிமியோனின் பற்கள் தந்தி அடித்தன. தலைவரைப் பார்த்தார். மலையைப் பார்த்தார்.

“வந்தது, தம்பி. காலமை நீ முதல் தரம் கேட்டவுடனையே ஒரு பெட்டி வந்திட்டுது.”