கோவிந்தசாமிக்கு ஒரு பொன்னாடை

என் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை படிவத்தில் பொய் எழுதியிருக்கிறேன். வருமான வரி, ரேஷன் கார்டு என்று ஊரே தைரியமாகப் பொய் எழுதும் இடங்களில் எல்லாம் நான் உத்தமன். நான் பொய் எழுதியது ஒரு புகைப்படப் போட்டியின் விண்ணப்பத்தில். அதுவும் பெரிய பொய் இல்லை, ஒரு பெயர்தான். அந்தப் பெயர் என்னை ஒரு மாதம் சாப்பிட விடாமல் அடித்தது. (சாப்பிட்டேன். இறங்கவில்லை என்றுதான் சொல்ல வந்தேன்.)

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். சொந்த ஊர் கோட்டுச்சேரி. அப்பா மளிகைக் கடை வைத்திருந்ததால் எனக்கு அரிசியைத் தெரியும், நெல்லைத் தெரியாது. இந்தக் குறையை ஈடுகட்டத்தானோ என்னவோ, சுரக்குடியில் விவசாயக் குடும்பத்தில் பெண் எடுத்தார்கள். மனைவி சுமதி நாற்று நட்டவள், களை பறித்தவள். மாமனார் இன்றும் தன் வயலில் தானே இறங்குகிறவர். மாமனார் வீட்டுக்குப் போனால் நான் கூடத்து மின்விசிறிக்குக் கீழே உட்காருவேன், சாப்பிடுவேன், கிளம்புவேன். அவருடைய வயல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கல்யாணமாகி ஏழு வருடத்தில் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய கேமரா வாங்கினேன். கேமரா வாங்கினால் மகிழ்ச்சியாகப் படம் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கேமரா வாங்காதவர்கள். எடுப்பதற்குமுன் வெளிச்சம் போய்விடுமோ என்று பயம், எடுத்தபின் ஆடிவிட்டதோ என்று பயம். இந்த நிலைமையில்தான் உள்ளூர்ப் புகைப்படக் கழகம் ஒன்று போட்டி அறிவித்தது. தலைப்பு ‘மண்ணும் மனிதரும்’. ஓர் ஆளுக்கு ஒரு படம்தான்.

என்னிடம் இரண்டு இருந்தன.

முதல் படம் கருக்களாச்சேரிக் கடற்கரையில் எடுத்தது. படகு, பக்கத்தில் வலை பிரிக்கும் மீனவர். அடிவானம் அடிக்கோல் வைத்துக் கிழித்தாற்போல் நேராக இருந்தது. வலையின் கண்ணிகளை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். மீனவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, சம்மதமும் வாங்கியிருந்தேன். எல்லா வகையிலும் யோக்கியமான படம்.

இரண்டாவது, மார்கழி முதல் வாரத்தில் சுமதியைச் சுரக்குடியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது எடுத்தது. எதுவும் தெளிவாகத் தெரியாத பனி. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பச்சை வயலுக்கு நடுவே ஒரு மனிதர் நின்றிருந்தார். தலையில் முண்டாசு. ஒரு கையை நீட்டி யாருக்கோ எதையோ காட்டுகிறார். அவர் காலடியில் ஒரு கொக்கு, பயமே இல்லாமல் நிற்கிறது. வண்டியை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. அதன்மேல் உட்கார்ந்தபடியே சாலையிலிருந்து எடுத்துவிட்டேன்.

வண்டி ஆடியதில் படமும் ஆடியிருந்தது. முகம் கலங்கிப்போயிருந்தது. மறுகை மணிக்கட்டோடு சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. மின்கம்பி ஒன்று வானத்தைக் குறுக்கே அறுத்தது. போதாக்குறைக்கு வயல் மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்து, தண்ணீரெல்லாம் வடிந்து காரைக்காலுக்கே வந்துவிடும்போல் இருந்தது. குற்றங்களை மறைக்கக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். இன்னும் அழகாக ஆனது. குற்றங்களும் அப்படியே இருந்தன.

அடுத்த மூன்று வாரம் நான் வேறு வேலை பார்க்கவில்லை. அலுவலகக் கணினியில் அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் நான்கு சாம்பல் கட்டங்கள் மட்டும் மிஞ்சும்வரை பார்த்தேன். இவ்வளவு ஓட்டை உள்ள படத்தை அனுப்பினால் நடுவர் சிரிப்பாரே என்று காலையில் தோன்றும். படகுப் படத்தை அனுப்பினால் சிரிக்கக்கூட மாட்டாரே என்று மாலையில் தோன்றும். பக்கத்து மேசை ராஜசேகர் அண்ணனிடம் இரண்டையும் காட்டினேன். எந்தக் கோப்பையும் அரைநாள் புரட்டாமல் கையெழுத்துப் போடாதவர். இதையும் அரைநாள் பார்த்தார்.

“படகுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது தம்பி. ஆனா வயக்காட்டு ஆளு படத்துலதான் உயிர் இருக்கு” என்றார்.

வீட்டில் சுமதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே போனை எட்டிப் பார்த்தாள். “படகு கேலண்டர்ல வர்ற மாதிரி இருக்குங்க. இந்த ஆளத்தான் பாத்துக்கிட்டே இருக்கலாம்போல இருக்கு. பாவம், பனியில எவ்வளவு நேரமா நிக்கிறாரோ.”

(இப்படிச் சொல்லவே இல்லை என்று இன்றுவரை சாதிக்கிறாள். சொன்னாள். கீரைக்காம்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.)

கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நாலே முக்காலுக்கு வயல் படம் என்று முடிவெடுத்து, படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தால் ஏழாவது கட்டத்தில், ‘படத்தில் இருப்பவரின் பெயர், ஊர். அவருடைய ஒப்புதல் பெறப்பட்டதா?’ என்று கேட்டிருந்தது. நேர்மையானவன் அந்த இடத்தில் படகுக்குத் திரும்பியிருப்பான். நானும் திரும்பப் போனேன், சத்தியமாக. ஆனால் மூன்று வாரம் ஒருவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவரை விட மனசு வருவதில்லை. ‘கோவிந்தசாமி, சுரக்குடி’ என்று எழுதினேன். ஒப்புதல்? ‘ஆம்’.

தை பிறந்து பத்து நாளில் கழகச் செயலர் போன் செய்தார். எனக்கு இரண்டாம் பரிசு. துள்ளிக் குதித்திருப்பேன், அவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

“கோவிந்தசாமி ஐயாவையும் அழைச்சிட்டு வந்துடுங்க சார். ஒரு உழைப்பாளிக்கு மேடையில பொன்னாடை போத்தணும்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம்.”

“சரிங்க சார்” என்று சொல்லி போனை வைத்தேன். அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் சுமதி தன் அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மாமா உடனே என்னைக் கூப்பிட்டார்.

“சந்தோசம் மாப்ள, நாங்களும் விழாவுக்கு வர்றோம். ஆமா, நம்மூர்ல ஏது கோவிந்தசாமி? எந்தத் தெருங்க?”

“அது… வேலைக்கு வந்தவரா இருக்கும் மாமா.”

“யாரு வயலுக்கு?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். மாமனாரிடம் எனக்கு இருந்த ஒரே சொத்து, ‘மாப்பிள்ளை கவர்மெண்டு ஆளு, எதையும் சரியாச் செய்வாரு’ என்ற பெயர்தான். பரிசு போனால் போகிறது. அவர் முன்னால் நான் பொய்யன் என்று தெரிந்துவிடக் கூடாது.

கோவிந்தசாமியைக் கண்டுபிடித்துக் காலில் விழுவது ஒன்றே வழி. (பெயர் வேறாக இருந்தால் ஒருநாள் மட்டும் மாற்றிக்கொள்ளும்படி கெஞ்சுவதாகத் திட்டம்.) மாமனார் வீட்டுப் பக்கம் போகும்போது ஹெல்மெட்டைக் கழற்றாமல், இரண்டு ஞாயிற்றுக்கிழமை சுரக்குடியைச் சுற்றினேன். படம் எடுத்த இடமே பிடிபடவில்லை. பனியில் எல்லா வயலும் ஒன்றுபோல் இருக்கின்றன. பனி இல்லாவிட்டாலும் எனக்கு எல்லா வயலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வயல் வேலை முடித்துவிட்டு வந்த பெண்களிடம் போனைக் காட்டினால், “மூஞ்சியே தெரியலையே சார்” என்றார்கள். டீக்கடைக்காரர் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“தெனம் பாக்குற ஆளு மாதிரிதான் இருக்கு. ஆனா பேசுனதில்ல” என்றார்.

ராஜசேகர் அண்ணனுக்கு முண்டாசு கட்டிக் கூட்டிப்போகலாமா என்றுகூட யோசித்தேன். அவர் தொப்பை இடம் கொடுக்கவில்லை. செயலருக்கு உண்மையை எழுதி இரண்டு கடிதம் தயாரித்து, இரண்டையும் கிழித்தேன். கடைசியில் கோவிந்தசாமி ஐயா கூலி வேலைக்கு வெளியூர் போய்விட்டார் என்று செயலரிடம் சொன்னேன். ஒரு பொய்யைத் தூக்கி நிறுத்த இன்னொன்று.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். இருநூறு பேராவது இருப்பார்கள். நான் முதல் வரிசை, மாமா இரண்டாம் வரிசையில் சலவை வேட்டியோடு. மேடையோரம் என் படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து நிறுத்தியிருந்தார்கள். சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டேன். கோவிந்தசாமி வரவில்லை என்று அறிவித்தார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பித்துவிட்டோம் என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மாதத்தில் நான் முழுசாக விட்ட ஒரே மூச்சு அதுதான்.

புதுச்சேரியிலிருந்து வந்திருந்த நடுவர் பேச ஆரம்பித்தார். “முகம் தெளிவாக இல்லை என்கிறீர்களா? தெளிவாக இருந்தால் அவர் ஒரு தனிமனிதர். இல்லாததால்தான் அவர் எல்லா உழவர்களும் ஆகிறார். எப்படி நிற்கிறார் பாருங்கள்! வெயில், மழை, பனி எதற்கும் அசையாத நிலை. அந்தச் சட்டையைப் பாருங்கள். அதன் ஒவ்வொரு சுருக்கத்திலும் ஒரு வர்க்கத்தின் வறுமை எழுதியிருக்கிறது.” கைதட்டல். என் கண்ணும் கலங்கிவிட்டது.

அப்போது மாமா எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார், பின்னால் நகர்ந்து பார்த்தார். திரும்பி நேராக என்னிடம் வந்து, காதோரம் குனிந்து ரகசியமாகப் பேசினார். நாலு வரப்பு தள்ளி நிற்பவரைக் கூப்பிட்டே பழகிய தொண்டை அது. அவர் ரகசியம் மேடைவரை கேட்டது.

“மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. இது நம்ம வயலு பொம்மைங்க.”

“எது மாமா?”

“கோவிந்தசாமி.”

எனக்குப் புரியவில்லை. புரியக் கூடாது என்று மூளை அடம் பிடித்தது. மாமா பொறுமையாக விளக்கினார். “கதிர் பால் புடிக்கிறப்ப குருவி எறங்குதுன்னு நான்தான் வைக்கோல்ல கட்டுனேன். போர் செட்டுக்கு மேற்கால நிக்குது. சட்டை உங்களுதுதான். பழசுன்னு சுமதி குடுத்தனுப்பிச்சில்ல?”

வர்க்கத்தின் வறுமை எழுதியிருந்த சட்டை, போன தீபாவளிவரை நான் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போனது.

பின்வரிசையில் யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரிக்க, அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. நடுவர் தண்ணீர் குடித்தார். செயலர் மடித்த பொன்னாடையும் கையுமாக நின்றார். எழுந்து மைக்கைப் பிடித்தது எனக்கே நினைவில்லை, சுமதி சொல்லித்தான் தெரியும். “பேரு நானா எழுதுனது. யாருகிட்டயும் ஒப்புதல் வாங்கல. மன்னிச்சுடுங்க” என்றேனாம். சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி இரண்டாம் பரிசு, அடுத்த இடத்தில் இருந்த பிரசாந்தமான ஒரு தாமரைக்குளப் படத்துக்குப் போனது. அதில் ஒரு குற்றமும் இல்லை.

கீழே இறங்கி வந்தபோது எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், மாமாவைத் தவிர. அவர் முகம் வாடிப்போயிருந்தது. “நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் மாப்ள. உங்கள அசிங்கப்படுத்திட்டேன்” என்றார். ஒரு மாதமாக நான் பயந்துகொண்டிருந்தது இந்த மனிதருக்கா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. செயலருக்குப் பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பொம்மையைக் கட்டினவர் இவர்தானே என்று மாமா கையிலேயே கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை மாமாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. “யாருக்குன்னு எடுத்தாங்களோ அவருக்கே போட்டாச்சு” என்ற குரல் செய்தியோடு. பொன்னாடை போர்த்தியபடி கோவிந்தசாமி வயலில் நின்றார். அடிவானம் நேராக இருந்தது. வைக்கோல் பிதுங்கும் முகம் துல்லியமாக இருந்தது. இரண்டு கையும் முழுசாக இருந்தன. மாமா அதற்குமுன் போனில் படம் எடுத்ததே இல்லையாம்.

அடுத்த வருடப் போட்டிப் படிவத்தில் ஏழாவது கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ‘படத்தில் இருப்பவர் மனிதர்தான் என்பதை நேரில் சென்று உறுதி செய்யவும்.’ காரைக்கால் புகைப்படக் கலைக்கு என் பங்களிப்பு அதுதான். வீட்டில் கோவிந்தசாமி இப்போது நிரந்தர உறுப்பினர். ஒவ்வொரு சம்பாவுக்கும் புதிதாகப் பிறக்கிறார். நான் சட்டை எடுத்தால் “இது உங்களுக்கா, கோவிந்தசாமிக்கா?” என்கிறாள் சுமதி. விசேஷ வீடுகளில் மாமாவே ஆரம்பித்து வைக்கிறார். நடுவர் பேசியதில் எங்கள் மகளுக்குத் தெரியாத வசனம் இல்லை.

எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் இந்தக் கதையில் அவர்கள் யாருக்கும் தெரியாத ஒரு பகுதி இருக்கிறது. மேடையில்கூடச் சொல்லாதது. அன்று பனியில் நான் ஒப்புதல் கேட்டேன். “ஐயா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?” என்று சாலையிலிருந்து கத்தினேன். அவர் மறுக்கவில்லை. எடுத்து முடித்ததும், “ரொம்ப நன்றிங்க ஐயா” என்று கையெடுத்துக் கும்பிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்தும் நின்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுரக்குடிக்காரர்களுக்கே கொஞ்சம் தலைக்கனம்தான் என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.